கார்ன்வால்: அடியில் கிடக்கும் பாறையைத் தெரிந்துகொண்டால் மேலே உள்ளதெல்லாம் புரியும்

இங்கிலாந்து வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கால் கடலுக்குள் நீண்டிருக்கும். அதுதான் கார்ன்வால் என்ற கவுண்டி. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. கார்ன்வாலின் பரப்பு சுமார் 3,560 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5.7 லட்சம் அளவில் இருந்தது. நிலவழியாக அதை ஒட்டியிருக்கும் ஒரே கவுண்டி டெவன். அந்த எல்லையில் பெரும்பகுதி டேமர் ஆறு. இந்த ஆறு வடக்குக் கடற்கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து தெற்குக் கடல் வரை ஓடுகிறது. அந்த ஆறேழு கிலோமீட்டர் நிலம் மட்டும் இல்லாவிட்டால் கார்ன்வால் ஒரு தீவு.

இந்தக் கவுண்டியைப் பற்றித் துணுக்குச் செய்திகள் ஏராளம். டைட்டானியம் முதலில் கிடைத்த இடம், முதல் நீராவி வண்டிகளில் ஒன்று ஓடிய ஊர், இந்தியாவுக்குக் கடலடிக் கம்பி புறப்பட்ட கடற்கரை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. அடியில் கிரானைட், சுற்றிலும் கடல் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தாமாகவே கோத்துக்கொள்ளும்.

பாறையும் வெள்ளீயமும்

ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, தரையை எட்டாமல் அடியிலேயே மெல்ல ஆறி கிரானைட்டாக, அதாவது கருங்கல்லாக, இறுகியது. டெவனில் உள்ள டார்ட்மூர், கார்ன்வாலின் போட்மின் மூர், செயின்ட் ஆஸ்டல், லேண்ட்ஸ் எண்ட், கடலுக்குள் இருக்கும் சில்லி தீவுகள் எல்லாம் தனித்தனி மேடுகளாகத் தெரிகின்றன. அடியில் அவை ஒரே பாறை. பாறை ஆறியபோது விரிசல் விட்டது. கொதிக்கும் நீர் கனிமங்களைக் கரைத்துக்கொண்டு அந்த விரிசல்களில் ஏறி, ஆற ஆற அவற்றைப் படியவிட்டது. இப்படி உண்டான தாது நாளங்கள் பலகையை நிறுத்திவைத்தது போல ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மேல்மட்டத்தில் செம்பு, ஆழத்தில் வெள்ளீயம் என்பது பல சுரங்கங்களில் கண்ட ஒழுங்கு. கேம்போர்ன் அருகே இருந்த டோல்கோத் சுரங்கம் முதலில் செம்புக்குத்தான் பெயர்பெற்றது. அது தீர்ந்தபின் இன்னும் கீழே தோண்டி வெள்ளீயம் எடுத்தார்கள்.

செம்பு ஒன்பது பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் சேர்ந்தால் வெண்கலம். செம்பு பல நாடுகளில் கிடைக்கும், வெள்ளீயம் அரிது. அதனால்தான் ஐரோப்பாவின் ஓரத்தில் கிடந்த இந்த நிலத்தைத் தேடி வணிகர்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் சுரங்கமே தேவைப்படவில்லை. வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட், தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம். சாதாரண மணல் 2.6 மடங்குதான். மலையிலிருந்து அரித்து வந்த தாது ஓடைப்படுகையில் தங்கியிருக்கும். அந்த மணலை வாய்க்காலில் கொட்டித் தண்ணீரை ஓடவிட்டால் மணல் அடித்துக்கொண்டு போகும், கருந்தாது நின்றுவிடும். தண்ணீரின் வேகம்தான் இதில் சூட்சுமம். வேகம் கூடினால் தாதுப்பொடியும் சேர்ந்து போய்விடும், குறைந்தால் மணலும் தங்கிவிடும்.

கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய டியோடோரஸ், இப்பகுதி மக்கள் வெள்ளீயத்தை உருக்கி, கடல் வற்றும் நேரத்தில் வண்டிகளில் ஏற்றி இக்டிஸ் என்ற தீவுக்குக் கொண்டுபோனதாகக் குறிப்பிடுகிறார். அது இன்றைய செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே இன்றும் நீர் வற்றும்போது கல்பாதை வெளிப்படுகிறது. சில மணி நேரத்தில் மூழ்கியும் விடுகிறது. நடந்து போக விரும்புகிறவர்கள் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

1201இல் ஜான் மன்னர் வெள்ளீயத் தொழிலாளிகளுக்குத் தனிச் சாசனம் கொடுத்தார். அவர்களுக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது. அரசனுக்கு வரி போகும் முறையும் தனி. உருக்கிய வெள்ளீயக் கட்டிகளை ட்ரூரோ, ஹெல்ஸ்டன் போன்ற குறிப்பிட்ட ஊர்களுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அதிகாரி கட்டியின் ஒரு மூலையை வெட்டித் தரம் பார்ப்பார், பிறகு முத்திரை இடுவார். முத்திரை இல்லாத கட்டியை விற்க முடியாது. மூலைக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இதற்கு 'காயினேஜ்' என்று பெயர். 1838இல்தான் இந்த வரி ஒழிந்தது. 1337இல் உருவான கார்ன்வால் டச்சியும், அதாவது டியூக் பட்டத்துக்கு உரிய உடைமையும், இந்த வருமானத்தில் வளர்ந்ததுதான். அரியணைக்கு வாரிசான மூத்த மகன் இன்றும் கார்ன்வால் டியூக்.

தண்ணீர் என்ற பகை

ஓடைத் தாது தீர்ந்தபின் நாளங்களைப் பின்தொடர்ந்து கீழே இறங்கினார்கள். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் ஊறும். இறைக்காவிட்டால் சுரங்கம் கிணறாகிவிடும். இறைக்க எந்திரம் வேண்டும், எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். செம்பை உருக்கத் தாதுவைவிட அதிக எடை கரி தேவைப்பட்டதால், தாதுவைக் கப்பலில் அங்குள்ள ஸ்வான்சிக்கு அனுப்பி, திரும்பும் கப்பலில் கரியை ஏற்றிவந்தார்கள். கரி விலை உயிரை வாங்கியதால்தான் ஒவ்வொரு கூடைக் கரியிலும் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று இந்த ஊர்ப் பொறியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். நீராவி வரலாற்றில் கார்ன்வாலுக்கு இவ்வளவு பெரிய இடம் இருப்பதற்கு என் கணிப்பில் முதல் காரணம் இந்தக் கரிப் பஞ்சம்.

அந்தக் கணக்குக்கு 'டூட்டி' என்று பெயர். ஒரு புஷல், அதாவது 94 பவுண்டு கரியை எரித்து எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயரம் தூக்க முடியும் என்பதுதான் டூட்டி. நீராவியால் தண்ணீர் இறைக்கும் எந்திரத்தை வாட்டுக்கு முன்பே செய்த நியூகோமனின் ஆரம்பகால எந்திரங்கள் 50 லட்சம் பவுண்டை ஒட்டி நின்றன. ஜேம்ஸ் வாட்டின் எந்திரங்கள் 2 கோடி அளவுக்கு உயர்த்தின. ஆனால் மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டின் நிறுவனம் கட்டணமாக வாங்கிக்கொண்டதால் சுரங்க முதலாளிகளுக்குக் கசப்பு. 1800இல் வாட்டின் காப்புரிமை முடிந்தது. 1811 முதல் ஒவ்வொரு எந்திரத்தின் டூட்டியையும் மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டார்கள். யாருடைய எந்திரம் நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் பார்க்க முடிந்தது, நல்ல மாற்றங்கள் மற்ற சுரங்கங்களுக்கும் பரவின. 1835இல் ஃபோய் கன்சால்ஸ் சுரங்கத்தின் எந்திரம் ஒரு சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது.

இந்த எந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. கொப்பரையில் அழுத்தம் கூடிய நீராவி உருளைக்குள் சென்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பாதித் தூரம் போவதற்கு முன்பே வால்வை மூடிவிடுவார்கள். உள்ளே சிக்கிய நீராவி விரிந்துகொண்டே மீதித் தூரத்தைத் தள்ளும். கரி மிச்சமாவது இங்கேதான். பிஸ்டன் இறங்கும்போது, ஏற்றம் போல, உத்தரத்தின் மறுமுனை சுரங்கத்துக்குள் தொங்கும் நீண்ட கம்பத்தைத் தூக்கும். பிறகு அந்தக் கம்பம் தன் பாரத்தாலேயே கீழிறங்கித் தண்ணீரை மேலே தள்ளும். ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் 1954 வரை ஓடிய டெய்லர்ஸ் எந்திரத்தின் உருளை 90 அங்குல விட்டம், உத்தரம் 52 டன். இந்தப் பாரம் முழுவதையும் எந்திரக் கூடத்தின் முன்சுவர் தாங்க வேண்டும். அதனால் அந்தச் சுவரை மட்டும் கிரானைட் கட்டைகளால் மிகத் தடிப்பாகக் கட்டினார்கள். மூடிய சுரங்கங்கள் பலவற்றில் எந்திரத்தைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். கூரை விழுந்துவிட்டது. சுவரும் புகைபோக்கியும் மட்டும் இன்றும் நிற்கின்றன. பொட்டாலக் குன்றின் விளிம்பில் கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு கூடங்கள் அப்படி மிஞ்சியவைதான். அந்தச் சுரங்கம் கடலுக்கடியிலும் போகிறது. 2006இல் இந்த நிலப்பரப்பு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அழுத்தம் கூடிய நீராவியை நம்பி இறங்கியவர் இல்லோகன் பகுதியில் 1771இல் பிறந்த ரிச்சர்ட் டிரெவிதிக். 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேம்போர்ன் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவருடைய நீராவி வண்டி சாலையில் ஏறியது. சில நாளில் வண்டி பழுதாகி நின்றது. நெருப்பை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டார்கள். கொப்பரைத் தண்ணீர் வற்றி வண்டியே எரிந்துபோனது. 1803இல் கிரீனிச்சில் அவருடைய கொப்பரை ஒன்று வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அதன்பின் அவர் கொப்பரையில் ஈயத் தக்கை ஒன்றைப் பொருத்தினார். தண்ணீர் மட்டம் குறைந்து தக்கை வெளிப்பட்டால் சூட்டில் ஈயம் உருகும், நீராவி அந்தத் துளை வழியே நெருப்பில் பாய்ந்து எச்சரிக்கும். இந்த ஏற்பாடு பிறகு நீராவி ரயில்களிலும் தொடர்ந்தது.

கீழே இறங்கியவர்கள்

பாறையை உடைக்க வெடிமருந்து வைப்பார்கள். வாத்து இறகுத் தண்டிலோ வைக்கோல் குழலிலோ மருந்தை அடைத்துத் திரியாகப் பயன்படுத்தியதால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. 1831இல் டக்கிங்மில் ஊரில் வில்லியம் பிக்ஃபோர்ட், மருந்தை நடுவில் வைத்துச் சணல் நூலை முறுக்கிச் சுற்றிய பாதுகாப்புத் திரியைக் கொண்டுவந்தார். ஓர் அடி எரிய ஏறக்குறைய அரை நிமிடம். பத்தடித் திரி வைத்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அது எத்தனை பேர் கையையும் கண்ணையும் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நூற்றுக்கணக்கான மீட்டர் ஏணியில் ஏறி இறங்கும் அலுப்பைத் தவிர்க்க வந்ததுதான் 'மேன் எஞ்ஜின்'. சுரங்கக் குழிக்குள் ஒரு நீண்ட கம்பம் சுமார் 3.6 மீட்டர் மேலும் கீழும் அசையும். அதே இடைவெளியில் கம்பத்தில் படிகளும் குழிச் சுவரில் திண்டுகளும் இருக்கும். கம்பம் இறங்கும்போது படியில் நிற்க வேண்டும், நின்றதும் திண்டுக்கு மாற வேண்டும், அடுத்த முறை அடுத்த படி. 1919 அக்டோபர் 20 அன்று லெவன்ட் சுரங்கத்தில் வேலை முடிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கம்பத்தின் உச்சியில் இருந்த இரும்பு இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள்.

மேலே தாதுவைச் சுத்தியலால் உடைத்தவர்களில் பெண்களும் சிறுமிகளும் ஏராளம். அவர்களுக்கு 'பால் மெய்டன்' என்று பெயர். பால் என்றால் கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷில் சுரங்கம். சுரங்கப் பெயர்களின் முன்னே வரும் 'வீல்' என்பதும் அதே மொழிதான், வேலைத்தலம் என்று பொருள். வெல்ஷ், பிரெட்டன் மொழிகளுக்கு உறவான இந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777இல் மறைந்தார். 1904இல் ஹென்றி ஜென்னர் எழுதிய கையேட்டிலிருந்து அது மறுபடி துளிர்த்தது. ஊர்ப் பெயர்களில் 'ட்ரெ' என்றால் குடியிருப்பு, 'பொல்' குளம், 'பென்' முனை. எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் பெரும்பாலும் தப்பும். டாலி வாழ்ந்த ஊரை ஆங்கில எழுத்தில் மவுஸ்ஹோல் என்று படிக்கத் தோன்றும், ஊரார் சொல்வது மவுஸல்.

சுரங்கத்துக்குள் கொண்டுபோன சாப்பாடு பாஸ்டி, இறைச்சியும் காயும் உள்ளே வைத்து மடித்துச் சுட்ட மாவுப் பண்டம். 2011 முதல் 'கார்னிஷ் பாஸ்டி' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. கார்ன்வாலில் செய்ததாக இருக்க வேண்டும், அரைவட்ட வடிவம், மடிப்பு பக்கவாட்டில், மாட்டிறைச்சி குறைந்தது 12.5 விழுக்காடு, காய்கள் 25 விழுக்காடு. உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் சதையுள்ள ஸ்வீடிஷ் டர்னிப் தவிர வேறு காய் கூடாது. கேரட் போட்டால் அது கார்னிஷ் பாஸ்டி இல்லை. வீட்டில் நான்கு பாஸ்டி செய்ய ரொட்டிக்கான கெட்டி மைதா 500 கிராம், கொழுப்பு 145 கிராம், உப்பு 5 கிராம், குளிர்ந்த நீர் 175 மில்லி. உள்ளே இறைச்சி 450, உருளை 450, டர்னிப் 250, வெங்காயம் 200 கிராம். மாவை நன்றாகப் பிசைந்து மூன்று மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். சாதாரண கேக் மாவில் இழுவை இல்லாததால் மடிக்கும்போது கிழியும். பூரணத்தை வேகவைக்காமல் பச்சையாகவே, உப்பும் மிளகுத்தூளும் தாராளமாகத் தூவி வைக்க வேண்டும். அதன் சாறு உள்ளேயே ஆவியாகி எல்லாவற்றையும் வேகவைக்கும். முன்பே வேகவைத்தால் குழைந்து, மாவின் அடி ஈரமாகிவிடும். ஒரு மணி நேரத்தை ஒட்டி பேக் செய்யலாம். தடித்த ஓரத்தைக் கைப்பிடியாகப் பிடித்துத் தின்றுவிட்டு அதை எறிந்துவிடுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பழைய சுரங்கப் படங்களில் தெரிவது வேறு: துணிப்பையில் வைத்துப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தின்கிறார்கள்.

1866 வாக்கில் செம்பு விலை சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. தொழில் தெரிந்தவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டா, அமெரிக்காவின் மிச்சிகன், அதற்கும் முன்பே மெக்சிகோவின் பச்சூகா. பச்சூகாவில் 'பாஸ்டே' என்ற பெயரில் மிளகாய் சேர்த்த பாஸ்டி இன்றும் தெருவில் விற்கிறது.

அந்தப் பாதையில் ஒரு கிளை கோலார் தங்கவயலுக்கு வந்தது. கார்ன்வாலில் சுரங்கங்கள் நடத்திப் பெயர்பெற்ற ஜான் டெய்லர் குடும்ப நிறுவனம் 1880இல் அங்கே கால்வைத்தது. நிலத்தடியில் மேற்பார்வை பார்க்கக் கார்ன்வால்காரர்களை அழைத்துவந்தார்கள். உடல் உழைப்பைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள்.  2001இல் மூடும்போது சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருந்தது. கார்ன்வாலில் டோல்கோத் ஒரு கிலோமீட்டரை ஒட்டி நின்றது. கற்றுக்கொண்ட தொழில் மூன்று மடங்கு ஆழத்துக்குப் போனது தமிழ்த் தொழிலாளிகளின் உழைப்பில் என்பதைச் சொல்லாமல் கார்ன்வால் வரலாறு முழுமையாகாது.

மண்ணும் கருமணலும்

கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உண்டு. அது சிதைந்தால் வெள்ளைக் களிமண். 1740களில் வில்லியம் குக்வொர்தி இதை ட்ரெகானிங் குன்றில் கண்டுபிடித்து, 1768இல் பீங்கான் செய்யக் காப்புரிமை பெற்றார். செயின்ட் ஆஸ்டல் பக்கம் பாறைச் சரிவில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் களிமண்ணைக் கரைத்து எடுப்பார்கள். ஒரு டன் களிமண்ணுக்கு ஏறக்குறைய ஒன்பது டன் கழிவு. அந்தக் கழிவுதான் தூரத்திலிருந்து வெள்ளை மலைகளாகத் தெரிகிறது. தீர்ந்துபோன ஒரு களிமண் குழிக்குள் 2001இல் ஈடன் திட்டத் தோட்டம் திறந்தது. குழியில் செடி வளர மண்ணே இல்லை. களிமண் கழிவையும் மக்கிய உரத்தையும் கலந்து சுமார் 83,000 டன் மண்ணைச் செயற்கையாகவே உருவாக்கினார்கள்.

1791இல் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், மனாக்கன் ஊர் ஓடையில் காந்தத்தில் ஒட்டும் கருமணலைச் சோதித்துப் புதிய உலோகம் ஒன்று இருப்பதை அறிந்தார். ஜெர்மனியின் கிளாப்ரோத் 1795இல் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். அந்தக் கருமணல் இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளுவதும் அதே கனிமத்தைத்தான்.

கடல் வழி

மேற்கே துருத்திக்கொண்டிருக்கும் முனை என்பதால் செய்திகள் கரையேறும் இடமாகவும் கார்ன்வால் ஆனது. 1870 ஜூனில் போர்த்கர்னோ என்ற சிறு கடற்கரையிலிருந்து லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, எகிப்து, ஏடன் வழியாக பம்பாய் வரை தந்திக் கம்பி இணைந்தது. முதலில் நினைத்த இடம் ஃபால்மவுத் துறைமுகம். அங்கே கப்பல்கள் நங்கூரம் போட்டு இழுத்தால் கம்பி அறுந்துவிடும். கப்பல் வராத மணல் விரிகுடாதான் கம்பிக்குப் பாதுகாப்பு. நடுவில் செம்பு, அதன்மேல் மலாய்க் காட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா, அதன்மேல் சணல், வெளியே இரும்புக் கம்பிக் கவசம். கரையோரப் பகுதிக்கு மட்டும் கவசம் இன்னும் தடிப்பு, அலையும் பாறையும் அங்கேதான் தேய்க்கும். பம்பாயிலிருந்து தரைவழித் தந்தி சென்னைக்கு வந்தது. சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 1871க்குள் கடலடிக் கம்பி இணைந்தது. வாரக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்த செய்தி சில மணி நேரத்தில் வந்துவிட்டது. 1997இல் அதே கடற்கரையில் மும்பை வழியாகக் கிழக்கே போகும் கண்ணாடியிழைக் கேபிள் கரையேறியது.

கம்பியில்லாச் செய்தியும் இங்கேதான். 1901 டிசம்பர் 12 அன்று கார்ன்வாலின் போல்டு என்ற இடத்திலிருந்து மார்க்கோனியின் ஆட்கள் அனுப்பிய மூன்று புள்ளிகள், 'எஸ்' என்ற எழுத்து, நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அவர் அறிவித்தார். 1962 ஜூலையில் கார்ன்வாலின் கூன்ஹில்லி நிலையத்தில் இருந்த 1,118 டன் தட்டு ஆன்டெனா, டெல்ஸ்டார் செயற்கைக்கோளைப் பின்தொடர்ந்தது. சுற்றிலும் தடையில்லாத சமவெளி, அடியில் அந்த எடையைத் தாங்கும் கெட்டிப் பாறை, இவை இரண்டும் அங்கே கிடைத்தன.

வீட்டுக்குள் வரும் பாறை

கிரானைட்டில் சிறிதளவு யுரேனியம் இருக்கிறது. அதன் சிதைவுச் சூடும் சேர்ந்து அடிப்பாறை வெந்நீர்ப்பானை போல இருப்பதால் யுனைடெட் டவுன்ஸ் என்ற இடத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு வெப்பத்தை எடுக்கிறார்கள். அதே சிதைவில் ரேடான் என்ற நிறமும் மணமும் இல்லாத கதிரியக்க வாயு வருகிறது. வெளியில் காற்றில் கலந்து போய்விடும். தரைப் பிளவு வழியாக வீட்டுக்குள் நுழைந்தால் தேங்கும், நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். கார்ன்வாலில் வீடு வாங்குகிறவர், வாடகைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். படுக்கையறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என இரண்டு சிறு கருவிகளை மூன்று மாதம் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அளவு நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒரு வாரச் சோதனையை நம்ப முடியாது. கன மீட்டருக்கு 200 பெக்கரெலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் வந்தால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது பிரிட்டன் அரசு. பிளவுகளை அடைப்பது மட்டும் பல வீடுகளில் போதுவதில்லை, வாயு வேறு வழி பார்த்துக்கொள்ளும். தரைக்கு அடியில் வாளி அளவுக் குழி வெட்டி, அதிலிருந்து ஒரு குழாயை வெளியே கொண்டுபோய்ச் சிறு மின்விசிறியால் உறிஞ்சி எடுப்பதே அளவு அதிகமுள்ள வீடுகளுக்கு நல்ல வழி. விசிறி இரவும் பகலும் ஓட வேண்டும், நிறுத்தினால் அளவு மறுபடி ஏறிவிடும்.